கிழிந்த இதயச் சுவர்: ஏழு நாள் காத்தால் பிழைக்கலாம் என்பது கணக்கா, கண்கட்டா?

பீனிக்ஸ் வாசகி · நவம்பர் 4, இரவு 9.12

மாரடைப்புக்குப் பிறகு இதயத்தின் நடுச்சுவர் (இரண்டு கீழறையையும் பிரிப்பது) கிழிந்தவர்களுக்கு 7 நாளுக்குள் ஆபரேஷன் செய்தால் நூற்றுக்கு 54 பேர் போகிறார்கள். 7 நாள் தாண்டிச் செய்தால் 18 பேர்தான். அமெரிக்கப் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. பிறகு எதற்கு நடுராத்திரியில் ஹெலிகாப்டர், ஓட்டம், கையெழுத்து? எல்லாரையும் ஒரு வாரம் ஐசியூவில் படுக்கவைத்துவிட்டு எட்டாம் நாள் நெஞ்சைத் திறந்தால் ஆகாதா? அவசரம் நோயாளிக்கா, டாக்டருக்கா?

தையல்காரன் · நவம்பர் 4, இரவு 10.40

எண் சரி. படித்த விதம் தப்பு.

அந்தப் பதிவேட்டில் 2,876 பேர். 2012இல் வெளிவந்தது. மொத்த இறப்பு 42.9 சதவீதம்; 7 நாளுக்குள் 54.1, அதற்குப் பின் 18.4. எட்டாம் நாள் மேசைக்கு வந்தவர் யார் என்று மட்டும் யோசியுங்கள். ஏழு நாளும் சாகாமல் இருந்தவர். ஓட்டை சின்னது, வலது கீழறை தாங்குகிறது, சிறுநீர் போகிறது என்றால்தான் எந்த சர்ஜனும் காத்திருக்கத் துணிவார். இரண்டாம் நாளே அழுத்தம் 70க்கு விழுந்தவர் ‘7 நாளுக்குள்’ கட்டத்தில் போய்ச் சேருகிறார். மேசைக்கே வராமல் வார்டில் போனவர் எந்தக் கட்டத்திலும் இல்லை.

நம் தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மரிட்ஸ்பர்க்குக்கும் இடையே நடக்கும் காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்தில், பாதி வழியிலுள்ள டிரம்மண்டைத் தாண்டியவர்களை மட்டும் எண்ணிவிட்டு, ‘பார், இங்கிருந்து ஓடினால் முக்கால்வாசிப் பேர் முடிக்கிறார்கள், அதனால் எல்லாரும் டிரம்மண்டிலிருந்தே புறப்படுங்கள்’ என்பது மாதிரி இருக்கிறது.

தையல்காரன் · நவம்பர் 4, இரவு 10.58

ஒன்று விட்டுப்போனது. ஆபரேஷனே வேண்டாம் என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் எண் உண்டு. கஸ்டோ என்ற பெரிய மாரடைப்பு ஆய்வில் ரத்தக்கட்டி கரைக்கும் மருந்து பெற்ற 41,021 பேரில் 84 பேருக்கு நடுச்சுவர் கிழிந்தது. 30 நாளில் இறந்தவர்கள், அறுவை நடந்தவர்களில் 47 சதவீதம், மருந்தோடு நின்றவர்களில் 94 சதவீதம். இங்கேயும் மேசைக்குப் போனவர்கள் கொஞ்சம் தெம்பானவர்கள்தான். நான் எடுத்துக்காட்டும் எண்ணுக்கும் அதே நோய் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தையல்காரன் · நவம்பர் 5, காலை 6.25

இரவில் கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன். வாசகி அம்மா கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. காத்திருக்க ஆசைப்படுவது சர்ஜன்கள்தான், அதற்குக் காரணம் தசை.

அடைபட்ட தமனிக்குக் கீழே செத்த தசை முதல் நாளில் பார்வைக்கு அதிகம் மாறாது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள்வரை உடம்பின் துப்புரவு அணுக்கள் அதைத் தின்று கரைக்கும் காலம். கிழிசல்களில் பெரும்பங்கு முதல் 24 மணி நேரத்திலோ இந்த மூன்று முதல் ஐந்து நாளுக்குள்ளோ வருகிறது. இரண்டாம் வாரத்தில் கொலாஜன் நார் விழத் தொடங்கும். ஊசி நம்பிக் குத்துகிற அளவுக்குத் தழும்பு கெட்டிப்பட ஆறு, எட்டு வாரம் ஆகும்.

நாலாம் நாள் தசையில் தையல் போடுவது எப்படி இருக்கும் என்றால், பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தரும் டர்பன் சாப்பாடு) வாங்கி அரைமணி நேரம் விட்டுவிடுங்கள். குழம்பு ஊறிய அடிரொட்டி இருக்கிறதே, அதில் நூலைக் கோத்து இழுத்துப் பாருங்கள். நூல் அறாது. ரொட்டி அறும். எட்டு வாரம் கழித்து அதே இடம் செருப்புத் தோல் மாதிரி இருக்கும்.

1956இல் அமெரிக்க சர்ஜன் டென்டன் கூலி முதன்முதலாக இந்தக் கிழிசலைத் தைத்தபோது, அது கிழிந்து 9 வாரம் ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் அவ்வளவு நாள் உயிரோடு இருந்தவர்தான் மேசையைப் பார்த்தார். வாசகியின் கணக்கு அன்றைக்கே பிறந்துவிட்டது.

எக்கோ அக்கா · நவம்பர் 5, பகல் 1.10

தையல்காரர் நேராகத் தையலுக்குத் தாவிவிட்டார். முதலில் கண்டுபிடிக்க வேண்டாமா?

மாரடைப்பு வந்த மூன்றாம் நாள், நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று மூச்சு வாங்குகிறது, கை கால் சில்லிடுகிறது. மூன்று சாத்தியம். நடுச்சுவர் கிழிந்திருக்கலாம், மைட்ரல் வால்வைப் பிடித்திருக்கும் பாப்பிலரி தசை அறுந்திருக்கலாம், வெளிச்சுவர் கிழிந்து இதய உறைக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம். நடுச்சுவர் என்றால் மார்பெலும்பின் இடப்பக்கம் முரட்டுச் சத்தம் கேட்கும், கை வைத்தால் அதிர்வும் தெரியும். பாப்பிலரி அறுந்தால் சத்தம் மெல்லியதாக இருக்கும், சில நேரம் கேட்கவே கேட்காது. வால்வு முழுதாகத் திறந்து கிடப்பதால் இரண்டு அறைக்கும் அழுத்தம் ஒன்றாகிவிடுகிறது, சத்தம் எழுப்ப வேகம் இல்லை. ஸ்டெத்தை வைத்துவிட்டு ‘மர்மர் இல்லை, வால்வு சரி’ என்று எழுதுவது இங்கேதான் ஆளைக் கொல்லும். நுரையீரல் நீரால் நிறைந்து, இடது கீழறை மட்டும் துள்ளித் துள்ளி அடித்தால் உணவுக்குழாய் வழி எக்கோ உடனே பார்க்க வேண்டும்.

நடுச்சுவருக்குக் கலர் டாப்ளரை (ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் எக்கோ) வழக்கமான நாலு கோணத்தில் மட்டும் பார்த்தால் போதாது. நுனிப்பக்க ஓட்டையும் பின்பக்க அடியோட்டையும் ஒளிந்துகொள்ளும், புரோபைச் சாய்த்துத் தேட வேண்டும். ஓட்டை ஒரே குழாயாக இருக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். பின்சுவர் மாரடைப்பில் அது கரையான் அரித்த கட்டை, ஒரு பக்கம் நுழைந்து வேறு இடத்தில் வெளியே வரும்.

தையல்காரன் · நவம்பர் 5, இரவு 8.02

அக்கா சொன்னால் மறுபேச்சு இல்லை. நுரையீரல் தமனிவரை கேத்தீட்டர் என்ற மெல்லிய குழாய் போட்டவர்களுக்கு ஒரு கணக்கு சேர்க்கிறேன், எக்கோ மெஷின் வர நேரமானால் இதுவே கண்.

மேல் பெருஞ்சிரை ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைவு 55. நுரையீரல் தமனியில் 80. வழியில் எங்கோ சிவப்பு ரத்தம் கலக்கிறது என்று அர்த்தம். கைத்தமனியில் 97, நுரையீரலிலிருந்து திரும்புவதும் 97 என்று வைத்துக்கொள்ளுங்கள். 97லிருந்து 55 போனால் 42. 97லிருந்து 80 போனால் 17. 42ஐ 17ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.5. அதாவது உடம்புக்கு ஒரு லிட்டர் போகும் நேரத்தில் நுரையீரலுக்கு இரண்டரை லிட்டர் சுற்றுகிறது. இடது கீழறை 120இல் அழுத்த, வலது கீழறை 25இல் இருந்தால் ரத்தம் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. அதே கேத்தீட்டரில் குளிர்நீர் செலுத்தி அளக்கும் கார்டியாக் அவுட்புட் (நிமிடத்துக்கு இதயம் தள்ளும் ரத்தம்) இந்த நோயாளிகளில் பொய் சொல்லும். அது அளப்பது வலப்பக்க ஓட்டம். ‘8 லிட்டர் அடிக்கிறது, பிரமாதம்’ என்று எழுதிய சார்ட்டுக்குப் பக்கத்தில் சிறுநீர்ப் பை காய்ந்து கிடக்கும்.

லேடிஸ்மித் கேஸுவல்ட்டி · நவம்பர் 6, அதிகாலை 3.47

படிக்க நன்றாக இருக்கிறது. எங்களைப் போன்ற இடத்தில் உணவுக்குழாய் எக்கோவும் இல்லை, கேத்தீட்டரும் இல்லை. டர்பன் 200 கிலோமீட்டருக்கு மேல். நாங்கள் என்ன செய்வது?

தையல்காரன் · நவம்பர் 6, காலை 7.15

தம்பி, உங்கள் கேள்விக்குத்தான் முதலில் பதில் வந்திருக்க வேண்டும்.

சந்தேகம் வந்த நிமிடமே டர்பன் லூத்துலி மருத்துவமனை இதயப் பிரிவுக்கோ உங்கள் ரெஃபரல் பட்டியலில் உள்ள இடத்துக்கோ போன். உறுதிப்படுத்திவிட்டுப் பேசலாம் என்று நிற்காதீர்கள். இடையில், அழுத்தம் கொஞ்சம் இடம் கொடுத்தால் அதை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். உடம்புப் பக்க எதிர்ப்பு கூடக் கூட ஓட்டை வழி ஒழுகல் கூடும். சராசரி அழுத்தம் 65 போதும். நைட்ரேட் போன்ற சுமை குறைக்கும் மருந்து அழுத்தம் தாங்குபவருக்கு உதவும், விழுந்துகொண்டிருப்பவருக்கு அல்ல. ஆஸ்பிரின் தொடரலாம். தட்டணு ஒட்டாமல் தடுக்கும் டிக்காகிரெலார், குளோபிடோக்ரல் அடுத்த வேளை கொடுக்குமுன் எங்களைக் கேளுங்கள். குளோபிடோக்ரலின் வேலை ஓய 5 நாள் ஆகும், நெஞ்சைத் திறந்தால் அந்த 5 நாளும் தையல் துளைகளில் ஒழுகும்.

இதய உறையில் ரத்தம் கட்டி அழுத்தம் விழுந்தால், ஊசியால் முழுதும் வடிக்க முயலாதீர்கள். அழுத்தம் எழும் அளவு, சில நேரம் 20, 30 மில்லியே போதும். எல்லாவற்றையும் இழுத்தால் அழுத்தம் துள்ளி எழும், அடைத்திருந்த கட்டி கழன்று மறுபடி பீய்ச்சும்.

பம்ப்காரர் · நவம்பர் 6, மாலை 5.30

வழியனுப்பும்போது பலூன் பம்ப் (பெருந்தமனிக்குள் இதயத் துடிப்புக்கேற்ப ஊதிச் சுருங்கும் பலூன்) போட்டிருந்தால் இதையும் பாருங்கள். பலூன் நுனி இடது கை தமனிக்கு 1, 2 சென்டிமீட்டர் கீழே நிற்க வேண்டும், படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். ஹீலியம் சிலிண்டர் அளவு, பேட்டரி, ஆம்புலன்ஸ் இன்வெர்ட்டர் மூன்றையும் கிளம்புமுன் தொட்டுப் பாருங்கள். என்3 சாலையில் லாரி கவிழ்ந்து இரண்டு மணி நேரம் நின்றால் பேட்டரி யாருக்காகவும் காத்திருக்காது. நம் ஊர்க்காரர்களுக்கு லோட் ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) பற்றிப் பாடம் தேவையில்லை, ஆனால் இது சக்கரத்தின் மேல் நடக்கும் லோட் ஷெட்டிங்.

பம்ப் நின்றால் பலூனைச் சுருங்கியபடி தமனிக்குள் விடக்கூடாது, மடிப்பில் ரத்தம் உறையும். சிரிஞ்சால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கையால் ஊதி உடனே இழுத்துவிடுங்கள். அரைமணிக்கு மேல் அசையாமல் கிடந்த பலூனை மறுபடி ஓட்டாதீர்கள். குழாயில் துரு நிறத் துளி தெரிந்தால் பலூன் ஓட்டை, உடனே நிறுத்து.

பீனிக்ஸ் வாசகி · நவம்பர் 6, இரவு 9.40

2012இலேயே 600 பேரை வைத்துப் பார்த்து பலூன் பம்ப்பால் உயிர் மிஞ்சவில்லை என்று சொல்லிவிட்டார்களே?

தையல்காரன் · நவம்பர் 6, இரவு 10.05

அம்மா நன்றாகத்தான் படிக்கிறார்கள். ஆனால் அந்த ஆய்வு சுவர் கிழிந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. தசை சோர்ந்து அழுத்தம் விழுந்தவர்களைப் பற்றியது அது. நாம் பேசுவது ஓட்டை உள்ளவரைப் பற்றி. பலூன் சுருங்கும் கணத்தில் பெருந்தமனியின் எதிர்ப்பு இறங்குகிறது, ரத்தம் ஓட்டை வழி போவதைவிட நேர்வழியில் போவது சுலபமாகிறது. ஒரு சின்னச் சாய்வுதான். அந்தச் சாய்வு போதும் சிலருக்கு.

தையல்காரன் · நவம்பர் 9, ஞாயிறு, பகல் 11.20

சரி, மேசை, அதாவது ஆபரேஷன். நேரம் கிடைத்த அன்றைக்கு நீளமாக எழுதுகிறேன், நடுவில் யாராவது திருத்தினால் சந்தோஷம்.

பழைய வழி, செத்த தசையை வெட்டி எறிந்துவிட்டு மிஞ்சியதைப் பேட்ச் வைத்து ஒட்டுவது. அதைச் செய்த சர்ஜன் பெயரால் டேகெட் வழி என்பார்கள். வெட்ட வெட்ட கீழறை சுருங்கும், தையல் இழுவிசையில் நிற்கும். டொரொன்டோவில் சர்ஜன் டேவிட் அதைத் திருப்பிப் போட்டார். ஓட்டையை மூடாதே, செத்த பகுதி முழுவதையும் அறைக்கு வெளியே தள்ளிவிடு. ஓட்டை அங்கேயே இருக்கும், ஆனால் அதற்கு முன்னால் ஒரு திரை. 120 அழுத்தம் திரையில் மோதும், கிழிந்த சுவரில் அல்ல.

முன்சுவர் கிழிசலுக்கு: ஹெப்பரின் கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட், ஏசிடி (ரத்தம் உறைய எடுக்கும் நேரம், நொடியில்) 480 தாண்டிய பிறகு இதய-நுரையீரல் பம்ப். இரண்டு பெருஞ்சிரைக்கும் தனித்தனிக் குழாய். வலது மேல் நுரையீரல் சிரை வழியே இடது கீழறைக்கு வென்ட், அதாவது ரத்தம் வடிக்கும் குழாய். இதயம் நின்றதும், செத்த பகுதிக்குள்ளேயே, எல்.ஏ.டி தமனிக்கு (முன்சுவரில் இறங்கும் தமனி) 1, 2 சென்டிமீட்டர் தள்ளி இணையாக, நுனியிலிருந்து கீறல். நல்ல தசையில் கீறக்கூடாது, இருப்பதே கொஞ்சம்.

உள்ளே பார்த்தால் நல்ல தசை இளஞ்சிவப்பாக, கெட்டியாக இருக்கும். செத்தது வெளிறி, ரத்தத் திட்டுகளோடு, ஃபோர்செப்ஸ் தொட்டால் நார் நாராக வரும். எல்லை கோடு போட்டமாதிரி இருக்காது. கண் காட்டும் எல்லைக்கும் அப்பால் போய்த் தைத்தவர்தான் இரவில் தூங்குவார்.

பேட்ச், குளுட்டரால்டிஹைடில் பதப்படுத்திய மாட்டு இதய உறை. பெரும்பாலானவர்களுக்கு நீள்வட்டமாக சுமார் 4க்கு 6 சென்டிமீட்டர், செத்த பரப்பைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பெரிது. உப்பு நீரில் அலச வேண்டியதைப் பெட்டியில் போட்ட நிமிடக் கணக்குப்படி அலசுங்கள், மருந்து மிச்சம் தசையைப் பொசுக்கும். 3-0 புரோலீன் நூல், தொடர் தையல். நடுச்சுவரில் நல்ல தசையின் ஆழமான, அடிப்பக்கப் புள்ளியில் தொடங்கி இரண்டு பக்கமும் சுற்றி வர வேண்டும். ஊசி தசைக்குள் 5 முதல் 7 மில்லிமீட்டர் ஆழம், தையலுக்குத் தையல் 4, 5 மில்லிமீட்டர். பேட்சின் விளிம்பிலிருந்தும் 5, 7 மில்லிமீட்டர் உள்ளே குத்த வேண்டும். அந்த மிஞ்சிய ஓரம் பாவாடை போல ஊசித்துளைகள்மேல் படிந்துகொள்ளும். விளிம்பிலேயே குத்தினால் ஒவ்வொரு துளையும் ஒரு புது ஓட்டை.

இழுத்து இறுக்கும் கைதான் இங்கே எல்லாம். அசிஸ்டென்ட் நூலைப் பிடித்திருப்பது பட்டம் விடுகிறவன் பிடி மாதிரி இருக்க வேண்டும், கிணற்றில் வாளி இழுக்கிற பிடி அல்ல. பிறகு கீறலை இரண்டு பக்கமும் டெஃப்லான் ஃபெல்ட் பட்டை வைத்து இரண்டு அடுக்காக மூடு. வலது கீழறையைத் திறக்கவே வேண்டியதில்லை.

தையல்காரன் · நவம்பர் 9, பகல் 11.48

பின்சுவர் வேறு கதை. இதயத்தை நெஞ்சுக்குழியிலிருந்து தூக்கிப் பிடிக்க வேண்டும். கீறல் பின்னிறங்கு தமனிக்கு 1, 2 சென்டிமீட்டர் பக்கத்தில். பேட்ச் முக்கோணம், சுமார் 4க்கு 7, அடிப்பக்கம் மைட்ரல் வளையத்தின் நாரில் தைக்கப்படும். பாப்பிலரி தசையின் வேர் வழியில் நிற்கும். வலது கீழறையும் கூடவே செத்திருக்கும், அதனால்தான் இந்த வகையில் இறப்பு கூடுதல். இதயத்தின் மின்கம்பி போகும் பாதை அடியோட்டைக்குப் பக்கத்தில் என்பதால் பேஸ்மேக்கர் ஒயரை இரண்டு ஜோடியாகவே வைத்துவிடுங்கள்.

தையல்காரன் · நவம்பர் 9, பிற்பகல் 2.31

திருத்தம். பின்சுவர்க் கீறல் தமனியிலிருந்து 1, 2 *மில்லிமீட்டர்*. சென்டிமீட்டர் அல்ல. முன்சுவருக்கு எழுதிய கை அப்படியே ஓடிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை என்பது என்னைவிட உங்களுக்குத்தான் அவமானம்.

எக்கோ அக்கா · நவம்பர் 9, பிற்பகல் 2.50

கவனித்தேன். நீங்களே வருவீர்கள் என்று விட்டுவைத்தேன்.

பம்ப்காரர் · நவம்பர் 10, காலை 8.15

கார்டியோபிளீஜியா, அதாவது இதயத்தை நிறுத்திக் காக்கும் கரைசல், பற்றிச் சொல்லவில்லையே. ரத்தம் நாலு பங்கு, கரைசல் ஒரு பங்கு, 20 நிமிடத்துக்கு ஒருமுறை என்பது பழக்கமான வழி. டெல் நிடோ என்ற கரைசல் ஒரு வேளை, கிலோவுக்கு 20 மில்லி, ஒரு லிட்டருக்கு மேல் போவதில்லை, 90 நிமிடம்வரை கை வைக்க வேண்டாம் என்பதால் சர்ஜன்களுக்குப் பிடிக்கும். ஆனால் பைபாஸும் சேர்த்து இந்த ஆபரேஷன் 90இல் முடியாது. அடைந்த தமனிக்குப் பின்னால் முன்பக்கமிருந்து மட்டும் செலுத்தினால் போய்ச் சேராது, கொரோனரி சைனஸ் (இதயத்தின் பெரிய சிரை) வழியாகப் பின்பக்கமும் கொடுங்கள். வலது கீழறையை அந்தப் பின்வழி நன்றாகக் காக்காது, ஏற்கெனவே அடிபட்டது அதுதான் என்றால் வலது தமனிக்கான பைபாஸ் கிராஃப்டை முதலில் போட்டு அதன் வழியே ஊற்றுங்கள்.

பீனிக்ஸ் வாசகி · நவம்பர் 12, இரவு 8.30

தைக்க முடியாது என்றால் குடை மாதிரி ஒன்றைக் கால் நரம்பு வழியே அனுப்பி அடைக்கிறார்களே?

தையல்காரன் · நவம்பர் 12, இரவு 9.55

கால் சிரை வழியாக. உண்டு. பிறவி ஓட்டைக்கான சாதனத்தின் இடுப்பு 7 மில்லிமீட்டர்; மாரடைப்புக்கென்று செய்தது 10, ஏனென்றால் பெரியவர்களின் நடுச்சுவர் தடிமன். அளவு 16 முதல் 24வரை. ஓட்டை 15 மில்லிமீட்டருக்கு மேல் போனால், அல்லது வால்வுக்கோ நுனிக்கோ ஒட்டி இருந்தால் சாதனம் உட்கார இடமில்லை. முதல் வாரத்தில் சுற்றுத்தசை இளகியபடியே இருப்பதால் இன்று கச்சிதமாக உட்கார்ந்த குடை மூன்று நாளில் ஆட்டம் காணும். அது உண்மையில் மின்னும் இடம், அறுவைக்குப் பிறகு பேட்ச் ஓரத்தில் மிஞ்சிய ஒழுகல். நுரையீரல் ஓட்டம் உடம்பு ஓட்டத்தைவிட ஒன்றரை மடங்குக்குள் என்றால் சும்மா விட்டுக் கவனிப்போம். அதற்கு மேல் என்றால் தசை கெட்டியான பிறகு குடை.

தையல்காரன் · நவம்பர் 17, காலை 6.50

பாப்பிலரி பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விடமுடியாது. அறுவது பெரும்பாலும் பின்பக்கத் தசை. அதற்கு ஒரே தமனி, முன்பக்கத்துக்கு இரண்டு. வேலை நேரடியானது, வால்வை மாற்று. செத்த தசைநுனியை மறுபடி தைத்துப் பார்க்கலாம் என்ற ஆசை வரும், வேண்டாம். பாதி மட்டும் அறுந்து, மிச்சம் உறுதியாக இருந்தால் பழுதுபார்க்கலாம். மாற்றும்போது பின்பக்க இதழையும் அறாத நாண்களையும் விட்டுவைத்தால் கீழறை உருக்குலையாது. 2-0 எத்திபாண்ட் நூல், ஃபெல்ட் துண்டு வைத்த தையல். இடது மேலறை சின்னதாகவே இருக்கும், நாள்பட்ட வால்வு நோய்போல விரிந்திருக்காது. பார்க்க இடம் இல்லாமல் திண்டாட வேண்டி வரும். நடுச்சுவர் கிழிசலைவிட இவர்கள் பிழைப்பது அதிகம், கீழறை அவ்வளவு கெட்டிருக்காது. அதனால் இங்கே காத்திருப்பதற்கு ஒரு காரணமும் கிடையாது. வாசகி அம்மா, உங்கள் ஏழு நாள் கணக்கை இந்தப் பக்கம் கொண்டுவராதீர்கள்.

லேடிஸ்மித் கேஸுவல்ட்டி · நவம்பர் 17, இரவு 11.30

அண்ணா, அப்படியானால் நடுச்சுவருக்கு என்ன முடிவு? உடனேயா, காத்திருந்தா?

தையல்காரன் · நவம்பர் 18, இரவு 10.20

இரண்டு வாரத்துக்கு முன் கேட்டிருந்தால் ‘அழுத்தம் விழுந்தால் உடனே’ என்று ஒரே வரியில் சொல்லியிருப்பேன். இந்த இழை என்னையும் கொஞ்சம் அசைத்திருக்கிறது.

உறுப்புகள் கெடாமல் நிற்கிறவருக்கு ஒரு வாரம், முடிந்தால் அதற்கு மேலும், பலூனோடு காத்திருக்கலாம். ஆனால் தினம் காலை லாக்டேட் (ரத்தம் போதாதபோது ஏறும் அமிலம்), சிறுநீர், கிரியாட்டினின் பார்த்து அன்றன்றைக்கு முடிவெடுக்கும் காத்திருப்பு. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் கழிப்பறைக்குப் போய்வந்ததும் ஓட்டை பெரிதாகிச் சரிந்தது என்பது பாடப்புத்தகத்தில் இருக்கும் வாக்கியம்தான். சரிந்தவருக்கு முன்பு ஒரே வழி, மேசை. இப்போது எக்மோ (இதயம், நுரையீரல் வேலையை வெளியிலிருந்து செய்யும் இயந்திரம்) போட்டு சிறுநீரகத்தையும் ஈரலையும் மீட்டு, ஐந்து, ஏழு நாள் கழித்துத் திறக்கிறார்கள். அந்த வகையில் வாசகியின் ‘எட்டாம் நாள்’ பாதி உண்மையாகிக்கொண்டு வருகிறது. ஆனால் சும்மா படுக்கவைத்து அல்ல, இயந்திரத்தில் தொங்கவிட்டு.

பம்ப்காரர் · நவம்பர் 19, காலை 7.05

தொங்கவிடுவதற்கும் விலை உண்டு. கால் தமனி வழி எக்மோ பெருந்தமனிக்குள் எதிர்த்திசையில் தள்ளுகிறது, இடது கீழறையின் சுமை ஏறும், ஓட்டை வழி ஒழுகலும் ஏறும். அதனால் பலூனையும் கூடவே ஓட்டுவோம், ஓட்டத்தைத் தேவைக்கு மேல் திருகமாட்டோம். காலுக்கு 6 அல்லது 8 ஃபிரெஞ்ச் தனிக்குழாய் போட மறந்தால் இதயம் பிழைத்துக் கால் போகும். ஹெப்பரின் ஓடுவதால் ரத்தக்கசிவு, தட்டணு இறக்கம். பத்து நாள் தாண்டினால் காத்ததால் கிடைத்த லாபத்தைக் கசிவும் தொற்றும் தின்றுவிடும். கீழறைக்குள் வைக்கும் சின்ன உறிஞ்சு பம்ப்பில் இன்னொரு தொல்லை. கிழிந்த தசைத்துணுக்கை உறிஞ்சும், அதிகம் இழுத்தால் வலப்பக்கக் கறுப்பு ரத்தம் ஓட்டை வழியே இடப்பக்கம் வரும்.

பீனிக்ஸ் வாசகி · நவம்பர் 19, இரவு 9.00

பாதி உண்மை என்று எழுதிக்கொடுத்ததற்கு நன்றி. சட்டம் போட்டு மாட்டிவைக்கிறேன். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இதற்குப் பணம் தருமா?

தையல்காரன் · நவம்பர் 20, காலை 6.40

1998ஆம் ஆண்டு மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டப்படி உயிர்போகும் அவசரம் எல்லாத் திட்டத்திலும் குறைந்தபட்சப் பலனுக்குள் வரும். திட்டத்தின் பெயரைக் கேட்டுக்கொண்டு நிற்காமல் 10177, கைபேசியில் 112 அழையுங்கள். பணப்பேச்சு பிறகு.

எக்கோ அக்கா · டிசம்பர் 8, பகல் 12.15

வீங்கித் தொங்கும் கீழறையை, அதாவது அனியூரிசத்தை, வெட்டிச் சுருக்குவது பற்றியும் ஒரு வரி எழுதுங்களேன். என்னிடம் வருகிறவர்கள் பாதிப்பேர் அதைத்தான் ‘கிழிசல்’ என்று நினைக்கிறார்கள்.

தையல்காரன் · டிசம்பர் 8, இரவு 9.30

அது மாதக்கணக்கில் வருவது. தழும்பு மெலிந்து வெளியே பிதுங்குகிறது, வாய் அகலம், கிழிவது அபூர்வம். வாய் குறுகி, வயிறு பெருத்து, இதய உறை மட்டுமே பிடித்து நிறுத்தியிருந்தால் அது பொய் அனியூரிசம். கிழிந்துபோன சுவர் வெளியே தெரியாமல் நிற்கிறது என்று அர்த்தம், அதை விட்டுவைக்கக்கூடாது. எக்கோவில் வாயை அளப்பது அதனால்தான்.

மெய் அனியூரிசத்தை 1958இல் கூலி நேர்கோட்டில் தைத்தார். பின்னால் டோர் என்ற சர்ஜன் வட்டமாக ஒரு சுருக்குத் தையல் போட்டு, உள்ளே பேட்ச் வைத்து, பழைய முட்டை வடிவத்தைக் கொண்டுவந்தார். அழகான வேலை. ஆனால் 2009இல் ஸ்டிச் ஆய்வு 1,000 பேரைப் பார்த்தது: பைபாஸ் மட்டும் ஒரு பக்கம், பைபாஸோடு கீழறைச் சுருக்கமும் இன்னொரு பக்கம். கீழறை அளவு சுருங்கியது 6 சதவீதத்துக்கு எதிராக 19 சதவீதம். இறப்பில் வித்தியாசம் இல்லை. அளவு சின்னதாவது வேறு, ஆள் நடமாடுவது வேறு. இப்போது பெரிய முன்சுவர்த் தழும்பு, மூச்சுத்திணறல், அடங்காத துடிப்புக் கோளாறு, உள்ளே கட்டி, இப்படி இருந்தால்தான் யோசிப்போம்.

தைப்பதற்கு ஒன்றுமே மிஞ்சாத இதயமும் உண்டு. 1967 டிசம்பர் 3ஆம் தேதி கேப் டவுன் குரூட் ஷூர் மருத்துவமனையில் பெர்னார்ட் செய்த முதல் மனித இதய மாற்றில் புது இதயம் பெற்ற வாஷ்கான்ஸ்கி மாரடைப்புமேல் மாரடைப்பு வந்து தசை தீர்ந்துபோனவர்தான்.

பீனிக்ஸ் வாசகி · ஜனவரி 11, காலை 10.05

வேறு கேள்வி. நவம்பர் கடைசியில் நெஞ்சு திறந்து பேட்சும் வால்வும் வைத்த ஒருவர் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கலாமா? வேண்டுதல் இருக்கிறதாம்.

தையல்காரன் · ஜனவரி 11, இரவு 8.45

அலகு குத்துவது கூடவே கூடாது. இந்த வருடம் மட்டுமல்ல, இனி எப்போதும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர் நாக்கில் வேல் குத்தினால் ரத்தம் நிற்காது. முதுகில் கொக்கி மாட்டினால் தோல் கிருமி ரத்தத்தில் ஏறிச் செயற்கை வால்வில் குடியேறும். பல் பிடுங்குவதற்கே ஒரு மணி நேரம் முன்னால் அமாக்ஸிசிலின் 2 கிராம் கொடுக்கிறோம். அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு அலகு குத்தலாம் என்று யாரும் குறுக்குவழி கண்டுபிடிக்காதீர்கள்.

விரதத்தில் இன்னொன்று. பத்து நாள் மரக்கறி என்று ஹெர்ப்ஸ் கட்டுக்கட்டாக வாங்கி வதக்குகிறோம். அந்தக் கீரை வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும். கீரையை நிறுத்தச் சொல்லவில்லை. வாரத்துக்கு எவ்வளவு தின்பாரோ அதே அளவில் வைக்கச் சொல்லுங்கள். விரதத்துக்கு நடுவில் ஒருமுறை ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் அளவைக் காட்டும் சோதனை) பார்த்துவிடுங்கள்.

பீனிக்ஸ் வாசகி · ஜனவரி 11, இரவு 9.10

பால்குடம்?

தையல்காரன் · ஜனவரி 12, காலை 6.30

மார்பெலும்பைப் பிடித்திருப்பது ஆறு, எட்டு ஸ்டீல் கம்பி. எலும்பு சேர எட்டு வாரமாவது வேண்டும், சர்க்கரை நோயாளிக்குப் பன்னிரண்டு. இரண்டு லிட்டர் பால் ஊற்றிய பித்தளைக்குடம் மூன்று, நாலு கிலோ. எடை பிரச்சினை இல்லை. ஆனால் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, கூட்டத்தில் இடிபட்டு, வெறுங்காலில் கோடை வெயிலில் நடக்க வேண்டும். குடத்தைத் தலையில் ஏற்றும் அந்த ஒரு நொடியில்தான் கம்பி எலும்பை அறுக்கும். இருமும்போது நெஞ்சில் ‘க்ளிக்’ என்று கேட்டால், அல்லது கீறலில் நீர் கசிந்தால், கோயிலுக்கு அல்ல, ஆஸ்பத்திரிக்கு.

சின்னச் செம்பில் பால், மார்புக்குக் கீழே இரண்டு கையால் பிடித்து, மகனோ மருமகனோ பக்கத்தில் வரட்டும். குடம்தான் வேண்டும் என்றால் தைப்பூசத்தை விட்டுவிட்டுச் சித்திரா பருவத்துக்கு (சித்திரைப் பௌர்ணமி) எடுக்கட்டும். அதற்குள் இருபது வாரம் ஆகிவிடும், நானே தூக்கிவிடச் சொல்வேன்.